நாத்தனார் வண்டியின் இரண்டாவது எஞ்சின்

எஞ்சின் ஆயில் வந்த ஐந்து லிட்டர் மஞ்சள் கேன் அது. அதன் மேல்பக்கத்தைக் கத்தியால் அறுத்து, கழுவி, தண்ணீர் மொள்ள வைத்திருந்தோம். கல்யாணமாகிப் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்த முதல் ஐப்பசியில், தினமும் காலையில் அந்தக் கேனை ஏரியில் முக்கி எடுத்து, வாசலில் நின்ற அம்பாசிடர் காரின் ரேடியேட்டரில் ஊற்றுவேன். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. ரேடியேட்டர் ஒழுகியது, நான் நிரப்பினேன். குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில், பத்தடி தூரத்தில் அவ்வளவு தண்ணீர் கிடக்கும்போது குடத்துத் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. நான் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான், அதில் வகை கிடையாது. மழைக்கு ஆற்று வெள்ளம் இறங்கி ஏரி அப்போது இனித்தது. நானே வாயில் வைத்துப் பார்த்தேன். அதே ஏரி மாசி, பங்குனியில் உப்பாகக் கரிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாயில் வைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. கேன் கேனாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கார் என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கும் அக்காதான். கல்லூரியில் பார்த்துப் பிடித்துப்போய் வேற்று ஜாதியில் கட்டிக்கொண்டு வந்தவள் என்று எங்கள் தெருவே என்னிடம் முகம் கொடுக்காத நாளில், முதல் ஆளாக ஒரு தட்டு நண்டுக் குழம்போடு வந்து உட்கார்ந்தவள் அவள். குடித்துவிட்டு அடித்த புருஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்பியவள். திரும்பியவள் மூலையில் உட்காரவில்லை. லைசென்ஸ் எடுத்தாள், கல்யாண வண்டியாக ஓடி ஓய்ந்த ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினாள். விடியும்போது பசியாவரம் தீவிலிருந்து படகில் வரும் பெண்களையும் எங்கள் ஊர்ப் பெண்களையும், அவர்களுடைய மீன் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்குப் போவாள். பஸ்ஸில் கூடையை ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் சொட்டுகிறது, நாற்றம் அடிக்கிறது என்பார்கள். அந்த நாற்றத்தை வாங்கித்தான் அவர்கள் வீட்டிலும் குழம்பு வைக்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்தக் கார் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. கரையிலேயே நின்று மொத்த வியாபாரி சொன்ன விலைக்குக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும்.

சித்திரையில் ஒரு நாள், பொன்னேரி போகிற வழியில் கார் வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பொன்னேரி மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினின் தலையைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு. ஏரித் தண்ணி ஊத்துனது யாரு?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "நான்தான். ஐப்பசியில வாயில வெச்சுப் பாத்தேன், இனிச்சுது" என்றேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐப்பசியில இனிச்சுதுனு பங்குனியிலயும் ஊத்துனியாமே? நல்லா வாச்ச போ" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கெடுத்தது நீதானே, தூக்கி வெக்கறதுக்கும் நீ வரணும்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவிடவில்லை.

மெக்கானிக் பார்த்தவரைக்கும் எஞ்சினின் உடம்பான பிளாக்கே அரித்து வெடித்திருந்தது. காயலான் கடைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். மொத்த வியாபாரி மட்டும் வந்து பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "பாவம், இனிமே நீ எதுக்கும்மா அலையற, கரையிலியே குடுத்துடச் சொல்லு" என்றார். அந்த ஆளின் சந்தோஷம் முகத்தில் வழிந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நாத்தனார் மறுநாள் சென்னைக்குப் போனாள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில் மூன்று நாள் அலைந்து, பின்னாளில் தயாரான அம்பாசிடர் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை கியர் பாக்ஸோடு ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். அந்த வண்டி பின்பக்கம் அடிபட்டு நசுங்கியதாம், எஞ்சினுக்கு ஒன்றும் இல்லையாம். இந்தக் காரைவிடப் பதினைந்து வயது இளைய எஞ்சின். "கெழவிக்குக் கொமரியோட நெஞ்சு வெக்கறோம்" என்றாள்.

எஞ்சின் கரையில் இறங்கியதும் ஆண்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இதைப் படகில் வைத்தால் எப்படி ஓடும் தெரியுமா என்று ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரே கேட்டார். "பொம்பளைங்க சந்தைக்குப் போறதுக்கு எதுக்குக்கா இவ்ளோ பெரிய எஞ்சின்?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா, பொம்பள போற வழி மட்டும் எறக்கத்துலியா கீது?"

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எஞ்சினைத் தூக்குகிற சங்கிலி அவர் முதலாளியின் கடையில் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சங்கிலி மொத்த வியாபாரியின் ஐஸ் கொட்டகையில்தான் இருந்தது. அவர் தரவில்லை, சாவியைக் காணோம் என்றார். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து நான் பிறந்த ஊர்க் கணக்கில் மூன்று நெல் மூட்டை கனம். நான் அம்மா வீட்டுக்குப் போய், தூர்ந்துபோன வயல் கிணற்றிலிருந்து இரும்புக் கப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மூன்று சவுக்குக் கட்டைகளைத் தலைப்பக்கம் சேர்த்துக் கட்டிக் காருக்கு மேல் நிறுத்தினோம், அதில் கப்பியைத் தொங்கவிட்டோம். கயிறுதான் இல்லை. கிணற்றுக் கயிறு குடத்துக்குத்தான் ஆகும். இதற்குப் படகைக் கரைக்கு இழுக்கிற கயிறு வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் படகுக் கயிற்றைப் பெண்கள் தாண்டக்கூடாது. தாண்டிவிட்டால் அந்தக் கயிறு தண்ணீருக்கு ஆகாது, மீன் விலகும் என்பார்கள். கரையில் கயிறு கிடந்தால் கூடையோடு சுற்றிக்கொண்டு போக வேண்டும். நானே எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறேன். நானும் சந்தைக்குப் போகிற பெண்களுமாக எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கிற வேலையில் யார் கால் எங்கே படும் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒருவரும் கயிறு தரவில்லை. என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு, "வேற எது வேணா கேளுக்கா" என்றார்.

நாத்தனார் எழுந்து நேரே அவருடைய படகுக்குப் போனாள். மணலில் நீளமாகக் கிடந்த கயிற்றுக்கு முன்னால் நின்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். வலை உதறிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் பார்க்க, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டினாள். திரும்பித் தாண்டினாள். மூன்றாவது தடவையும் தாண்டினாள்.

"இப்ப இது தண்ணிக்கு ஆவாதுல்ல? அப்ப வண்டிக்கு ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் இழுத்தோம். கூடை தூக்கிப் பழகிய கைகள், அவற்றுக்குக் கனம் புதிதில்லை. பழைய எஞ்சின் வெளியே வந்தது. புதியதை மேலே தூக்கி நிறுத்தி, மெக்கானிக் "எறக்கு, எறக்கு, நில்லு" என்று சொல்லச் சொல்ல விரல் அளவாகக் கயிற்றை விட்டோம். அது பழைய இடத்தில் உட்கார மறுத்தது. தாங்குகிற இரும்புகளை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்தார். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைப் பொன்னேரி லேத் பட்டறையில் கொடுத்து அளவு குறைத்து வாங்கி வந்தோம். ரேடியேட்டரை ஒழுகாமல் அடைத்து, லாரித் தண்ணீரை நானே ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றி எழுத மட்டும் நாத்தனார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு தடவை அலைய வேண்டியிருந்தது.

அதற்குள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிட்டது. கயிற்றைத் தாண்டியதற்கு அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பெண்கள் யாரும் அந்த வண்டியில் ஏறக்கூடாது என்றார்கள். மொத்த வியாபாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர் "இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். பெண்கள் ஓரமாக நின்றுதான் பேச வேண்டும். அவள் நடுவில் வந்து நின்றாள்.

"எங்கம்மா இந்த ஏரியில இடுப்பளவு தண்ணில நின்னு கையால எறா தடவிப் புடிச்சவ. இன்னிக்கும் எத்தினி பொம்பளைங்க நிக்கறாங்க, போய்ப் பாருங்க. அந்தத் தண்ணி மேலதான் உங்க படகு போவுது. நாங்க நின்ன தண்ணி ஆவும், தாண்டுன கயிறு ஆவாதா? அப்டினா மொதல்ல ஏரிய மாத்துங்க. அப்பறம் வந்து விழறேன்."

அவள் விழவில்லை. பஞ்சாயத்தும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. மறுநாள் விடியலில் கரையில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விற்க என்னிடம் ஒரு மீன்கூட இல்லை. ஆனாலும் நான் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு பசியாவரத்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அவர்களை என்ன செய்யும்? அவர்கள் ஏறியதைப் பார்த்ததும் எங்கள் தெருவில் ஒரு கூடை அசைந்தது, அப்புறம் இன்னொன்று. என் வீட்டுக்காரர் புதுக் கயிறு வாங்கிக்கொண்டார். பழையதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

பன்னிரண்டு வருஷம் அந்த எஞ்சினை ஓட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நான் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். போன தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை அழுதுகொண்டே போய்த் திரும்பிவிட வேண்டும். ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். அன்றைக்குக் கயிறு இழுத்தவர்களில் ஐந்து பேர் ஏறிக்கொண்டார்கள். தொட்டி அருகே அதே ஊர்ப் பெரியவர், இப்போது கையில் தடியோடு, நடு ரோட்டில் வந்து நின்றார்.

"பொம்பளைங்க இங்கியே திரும்பிக்கோங்கம்மா."

பின்னால் ஒருத்தியும் கதவில் கை வைக்கவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு ஹாரனை அழுத்தினேன். அவர் நகரவில்லை. நானும் எஞ்சினை அணைக்கவில்லை. கடைசியில் அவர் தடியை ஊன்றி ரோட்டோரமாக ஒதுங்கினார். நான் முதல் கியரைப் போட்டேன்.