மூச்சை விடப் பழகிய சுருளிவேல்

இரண்டு நிமிடம் பத்து விநாடி. நெய்க்காரப்பட்டி சுருளிவேல் ஒரே மூச்சில் கிணற்றுக்கடியில் இருந்த அதிகபட்ச நேரம் அது. மேட்டில் நின்றவர்கள் செல்போனில் பார்த்துச் சொன்னது. கயிறு அறுந்து கிணற்றில் விழும் மோட்டார்களை முங்கிப் போய்க் கட்டித் தூக்கிவிடுவது பதினான்கு வருடமாக அவருக்குத் தொழில்.

முப்பத்தைந்து வயதில் அவர் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனார். தெரிந்தவரான பேகம்பூர் நாசர் அங்கே வைத்திருந்த பிரியாணிக் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. நான்கே மாதத்தில் சுருளிவேல் கரண்டியை வைத்துவிட்டு, பக்கத்து ஸ்கூபா நிலையத்தில் சிலிண்டர் தூக்கப் போய்விட்டார்.

தினமும் படகில் போவார். சிலிண்டர் தூக்குபவர் கடலில் இறங்க முடியாது. லைட்ஹவுஸ், சுவர் என்று அங்கே முக்குளிக்கும் இடங்களுக்குப் பெயர். சுவர் என்பது கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. அதைப் பார்த்துவிட்டு ஏறியவர்கள் விசிறி போன்ற பவளத்தையும், ஒதுங்காமல் கூடவே வரும் மீன் கூட்டத்தையும் பற்றிப் பேசுவார்கள். கிணற்றின் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கும்போல என்று சுருளிவேல் நினைத்துக்கொண்டார். வழிகாட்டியாக வேண்டும் என்று கேட்டார். நிலையத்தார் ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்கள்: முதல் தேர்வில் மூன்று தடவைக்குள் தேற வேண்டும். இல்லையென்றால் கடைசிவரை சிலிண்டர்தான்.

இரண்டு தடவை தோற்றார்.

ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். முப்பது அடியிலிருந்து ஏறும்போது வாயிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். சுருளிவேலுக்குப் பாதி வழியில் குமிழி நின்றுவிட்டது. இரண்டு தடவையும் பயிற்றுநர் சுகன்யா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சுகன்யா தூத்துக்குடிப் பெண், வயது இருபத்தாறு.

"பயந்து அடக்குனா சொல்லிக் குடுத்துரலாம்ணே. நீங்க பழக்கத்துல அடக்குறீங்க."

ஆறு வாரம் அவர் கரையோரத் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக் குமிழி விட்டார். குளிக்கும்போதும் விட்டார். மூன்றாம் தேர்வுக்கு முன் பத்து நாள் விடுப்பில் மார்ச் மாதம் ஊருக்கு வந்தார்.

மூன்றாம் நாளே பக்கத்துத் தோட்டத்து நாகஜோதி வாசலில் நின்றார். அவர் கிணற்றில் மோட்டார் விழுந்து, வெங்காயம் இரண்டு நாளாகத் தண்ணீர் காணவில்லை.

"ஏப்பா சுருளி, கடலுக்குப் போனவனுக்கு எங்க கிணறெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

"வாரேனுங்க்கா."

வழக்கப்படி கிணற்றுக்குள் கரண்ட் வராதபடி ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி நாகஜோதி முந்தானையில் முடிந்துகொண்டார். சுருளிவேல் வடக்கயிற்றோடு இறங்கினார். அவர் முங்கினால் தண்ணீர் ஆடாமல் கிடக்கும். அன்றைக்கு நடுக் கிணற்றில் குமிழி கொப்பளித்தது. மோட்டாரில் கை பட்டபோது நெஞ்சில் காற்றே இல்லை. வெறுங்கயிற்றோடு மேலே வந்தார்.

"என்னப்பா இது, கோலிசோடா ஒடச்ச மாதிரி நுரைச்சுக்கிட்டே போற?" என்றார் நாகஜோதி.

மறுபடி முங்கினார். இந்தத் தடவை அடக்கியே ஆகவேண்டும் என்று வாயைக் கடித்துக்கொண்டுதான் போனார். பத்தடியில் குமிழி தானாகக் கிளம்பிவிட்டது.

நாகஜோதி அதற்குமேல் காத்திருக்கவில்லை. இதே தொழில் செய்யும் தொப்பம்பட்டி இளஞ்செழியனுக்குப் போன் போட்டார். சாயங்காலம் மோட்டார் மேலே வந்தது. மேட்டில் நின்றவர்கள் சுருளிவேலைப் பார்க்காத மாதிரி கலைந்தார்கள். அவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் சுகன்யாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"வேணும்னே அடக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. அடங்கலைங்க."

"அப்ப வந்ததும் தேர்வ செவ்வாய்க்கிழமையே வச்சுக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அவர் முப்பது அடியிலிருந்து குமிழி நிற்காமல் ஏறி வந்தார். சுகன்யா கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த கட்டப் பயிற்சி ஏப்ரல் எட்டாம் தேதி தொடங்குகிறது. மழைக்காலத்தில் படகுகள் நிற்பதற்குள் அதை முடித்தாக வேண்டும்.