அடிக்காத பிழைக்குத் திருத்தம்

எங்கள் தொழிலில் சரியாக அடித்த ஆயிரம் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. தப்பாக அடித்த ஒரு எழுத்தை ஊரே பார்த்துவிடும். டிடிபி கடை வைத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் இருபது வருஷமாக நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி ஜெபமணி சாரிடம். கணக்கு புரொபசராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

ஒரு மனுஷன், ஒன்பது கட்டுரை

கணக்கு வாத்தியார் என்றால் கணக்கோடு நிற்க வேண்டாமா? இந்த வாரம் குருவிகுளம் ரோட்டில் உள்ள புற்றுகளின் உயரம் பற்றி எழுதிக்கொண்டு வருவார். அடுத்த வாரம் கீர்த்தனைகளின் ராகம், அதற்கடுத்து சிலந்தி வலை. "எதுல சார் நீங்க எக்ஸ்பர்ட்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எது திரும்பத் திரும்ப வருதோ, அதுல."

சிவப்பு நோட்டு

நான் அடித்த பக்கங்களைத் திருத்தும்போது, ஒவ்வொரு பிழையையும் தன் சிவப்பு நோட்டிலும் குறித்துக்கொள்வார். ஒரு தடவை பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து மத்தியானம் சாப்பிடலையா வே?" என்றார். சாப்பிடவில்லைதான். வீட்டில் சண்டை. யாரிடமும் சொன்னதில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பசியில இருந்தா நீரு மைனஸை முழுங்கிருவீரு. தூக்கம்னா, ஸ்கொயர்ல மேல நிக்க வேண்டிய ரெண்டு கீழ எறங்கிரும். உம்ம தப்பை நான் படிச்சு வச்சிருக்கேன் வே."

கவர்

அவருடைய கடைசி வேலை, நூறு கணிதப் புதிர்கள் அடங்கிய புத்தகம். முந்தின புத்தகத்தில் நான் விட்ட ஒரு மைனஸுக்காக, சிவகிரியில் நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிந்தாராம். அதனால் "இதுல ஒரு தப்பும் வராது சார்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நாற்பது புதிர் அடித்திருந்தபோது, அக்டோபர் மாதம் ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நோய் நொடி எதுவும் இல்லை. எனக்கு அழுகையைவிட பயம்தான் முதலில் வந்தது. இனி என் பிழையை யார் பார்ப்பார்கள்?

மிச்ச அறுபதையும் அடித்து, மூன்று மூன்று தடவை படித்து, சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினேன். வேலை முடிந்தது என்று போனில் சொன்னதும், அன்று மத்தியானமே அவர் மகள் எஸ்தர் ஒரு கவரோடு வந்தாள். உள்ளே சாரின் கையெழுத்தில் ஒரு பட்டியல். நாற்பத்தேழாம் புதிரில் மைனஸ் விடுபடும். அறுபத்திரண்டில் மேலே உள்ள இரண்டு கீழே இறங்கும். இப்படிப் பதினாறு. கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினாறும் இருந்தன. அவர் சாகும்போது அந்தப் பக்கங்களை நான் அடித்திருக்கவே இல்லை. எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்: "ஜூலையிலயே எழுதி ஒட்டிட்டாங்க அண்ணாச்சி. 'அவரு முழுசா அடிச்ச பெறவு குடு'ன்னாங்க."

பதினேழாவது

பட்டியலில் இன்னும் ஒரு வரி இருந்தது. "பின்னட்டையில் 'மறைந்தபோது வயது 74' என்று போடுவார். 73 என்று திருத்தவும். வருஷத்தைக் கழிப்பார், மாதத்தைப் பார்க்க மாட்டார்."

74 என்றுதான் போட்டிருந்தேன். உடனே சிவகாசிக்குப் போன் போட்டு, பதினேழையும் திருத்தி அனுப்பும்வரை அச்சையும் அட்டையையும் நிறுத்தச் சொன்னேன். வைத்த பிறகுதான் உறைத்தது. சார் டிசம்பரில் பிறந்தவர். இந்த டிசம்பரைப் பார்த்திருந்தால் 74 சரிதான். பார்க்க மாட்டோம் என்று ஜூலையிலேயே எழுதிவிட்டார். என் பிழையைப் படித்தது போல அவர் வேறு எதைப் படித்து வைத்திருந்தார் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

எஸ்தர் அந்த வரியைப் படித்துவிட்டு, பட்டியலை மடித்துக் கவருக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "பொறந்தநாளுக்குச் சட்டை எடுக்கட்டான்னு கேட்டேன் அண்ணாச்சி. 'இந்த வருசம் எடுக்காதட்டி'ன்னாங்க."

இருபது வருஷத்தில் என் கையிலிருந்து பிழையே இல்லாமல் வெளியான ஒரே புத்தகம் அதுதான், அதைப் பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.