அத்தாயி தடுத்த விற்பனை

நாகலூர் அத்தாயியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் சேர்வராயன் மலையில் குறைவு. ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சின்ன அருங்காட்சியகத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வழவழவென்று பன்னிரண்டு கல் கோடரிகள் இருந்தன. ஆதிமனிதனின் ஆயுதம் என்றது அட்டை. அத்தாயிக்கோ அவை பிள்ளையார். காடு உழும்போது அகப்படும் இந்தக் கற்களைக் கோயிலில் வைத்துக் கும்பிட்ட சனம் அவளுடையது. பெட்டியைத் துடைக்கிற சாக்கில் தினமும் ஒரு கும்பிடு போட்டுவிடுவாள்.

1984இல் கூரை ஒழுக ஆரம்பித்தது. செயலாளர் பொன்னுவேல் நல்ல மனிதர்தான், ஆனால் புத்தி போன போக்கைப் பாருங்கள்! கற்களை விற்றுக் கூரை போடலாம் என்று சென்னை வியாபாரி ஒருவரையே வரவழைத்துவிட்டார். கமிட்டி கூடியது. டீ கொண்டுபோன அத்தாயி தட்டை மேசையில் வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"அது எங்க சாமிங்க. விக்கப்படாதுங்க."

"ஏ அத்தாயி, உங்கப்பன் மாதையன் துரைக்குக் குடுத்ததுதானே? நீயே கேளு" என்று பொன்னுவேல் துரை எழுதிவைத்த பழைய பதிவேட்டைச் சத்தமாகப் படித்தார். "கோயில் சுவர் இடிந்ததென்று மாதையன் கற்களைக் கொண்டுவந்தார். எனக்கா என்று கேட்டேன். 'இருக்கட்டுங்க' என்றார்."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார் மனிதர்.

"ஏனுங்க, நான் உங்க ஊட்டுல என் குடையை வெச்சு, 'இருக்கட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா, அதை வித்துருவீங்களா? எடுத்துக்கோங்கன்னு எங்கப்பன் எங்கீங்க சொன்னாரு?"

துரைக்குத்தான் தமிழ் அரைகுறை. கமிட்டிக்காரர்களுக்குமா?

"கூரை ஒழுகுதே, மத்த சாமானெல்லாம் பாழாப் போயிருமே" என்று இழுத்தார் பொன்னுவேல். அதுவும் நியாயமான கவலைதான்.

"அதுக்குன்னு ஊட்டுல இருக்கறவங்களையா விப்பாங்க? ஓடு மாத்த ஆளுங்களை நான் கூட்டியாறனுங்க."

வில்லங்கமான சரக்கு நமக்கெதற்கு என்று வியாபாரி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை நாகலூரிலிருந்து முப்பது பேர் பழைய எஸ்டேட் ஓடுகளோடு வந்து இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. அத்தாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இங்குள்ள எதையும் எக்காலத்திலும் விற்கக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் எழுதியது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பொன்னுவேல் அவரைக் கையமர்த்திவிட்டு, மை டப்பாவைத் தேடி எடுத்து வந்து அத்தாயி முன்னால் நீட்டினார்.

"மொதல்ல நீங்க வைங்கம்மா, கைநாட்டு."