மீன்காரரின் டப்பா

மீன்காரர் வடிகால் வாயருகே குத்த வைத்து உட்கார்ந்து, மீன் வடிவம் வெட்டிய தகர அச்சைத் தரையில் பொருத்தி, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். வால் கோணக் கூடாது. நீல வண்ணத்தை ஒற்றி எடுத்தால் மீன் வந்துவிடும். அதன் கீழே கையால் எழுதுவார்: 'இங்கே ஊற்றுவது ஆற்றுக்குப் போகும்.' எழுதி முடித்ததும் பிரஷ்ஷைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் அலசி, அலசிய டப்பாவைத் தூக்கி அதே வடிகாலில் சாய்க்கப் போவார். பழக்கதோஷம். பாதியில் கை நின்றுவிடும். டப்பாவை மூடி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொள்வார்.

கடைப் பலகை எழுதியே காலம் தள்ளியவர். நகராட்சி இந்த வேலையைக் கொடுத்ததிலிருந்து ஊருக்கே மீன்காரர் ஆகிவிட்டார். "என்ன மீன்காரரே, இன்னிக்கு வரத்து எப்படி?" என்று சைக்கிள் கடைக்காரர் வம்பிழுப்பார். பழைய ஆளாக இருந்தால் சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பார். இப்போது தலையைச் சொறிந்துகொண்டு போகிறார்.

எழுதுவது மட்டும்தான் தன் வேலை, வாசிப்பது தெருவில் போகிறவர்கள் பாடு என்று இருந்தவர் அவர். இந்த வாசகத்தைத் தெருத்தெருவாக எழுதி எழுதி, ஒருநாள் வாசித்துத் தொலைத்துவிட்டார். இத்தனை காலம் அலசிய தின்னரெல்லாம் எங்கே போயிற்று? கையெட்டும் தூரத்தில் வடிகால் இருந்தது, ஊற்றினார். ஆறு போகும் வழியில்தான் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். அக்கா வீட்டுக் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர். உடனே போன் போட்டார்.

"அக்கா, அங்க தண்ணி எப்படி இருக்கு?"

"தண்ணி தண்ணியாத்தான் இருக்கு. ஏன்டா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"இல்லக்கா, சும்மா கேட்டேன்."

அக்காவுக்கு அது போதவில்லை. தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அன்றிலிருந்து தினமும் அவளே கூப்பிடுகிறாள்.

டப்பாவை என்ன செய்வது? பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் அதுவும் ஆற்றுக்குத்தான் போகிறது. மண்ணில் ஊற்றலாம், மழை வந்தால்? வேலை கொடுத்த நகராட்சி அம்மாவிடமே கேட்டார். "அட, ஆமா! இதை நாங்க யோசிக்கவே இல்லையே. கேட்டுச் சொல்றேண்ணா, அதுவரைக்கும் எங்கயும் ஊத்திடாதீங்க" என்றார் அந்த அம்மா. ஊற்றவில்லை. கட்டிலுக்கடியில் டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

"நாத்தம் தாங்கல. ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும்" என்றாள் மனைவி.

"எங்க போவே?"

"உங்க அக்கா வீட்டுக்கு!"

"அங்கயும் இதே தண்ணிதாண்டி" என்றார் பாவமாக. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு மட்டும் என்ன புரிந்துவிட்டது?

நேற்று சலவைக்கடை வாசலில் மீன் போட்டு முடித்திருந்தார். கடைக்கார அம்மாள் நுரை தளும்பும் வாளியோடு வெளியே வந்தார். வடிகாலில் கவிழ்க்கப் போனவர், ஈரம் காயாத மீனைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ இதை நான் எங்கய்யா ஊத்துறது?"

மீன்காரர் சைக்கிளுக்குப் போய், கூடையிலிருந்த தன் தின்னர் டப்பாவையும் எடுத்து வந்து, அந்த வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.