பொம்பளை ஏறினால் சூடாகும் இஞ்சின்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பிரசவ நர்ஸாக இருந்தேன். மலைக்கு மேலே, பெரியாற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கும் ஏரிக்கு அக்கரையில் ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. அங்கே காய் எடுக்கப் போன பெண்கள் பெரும்பாலும் சுருளிப்பட்டி, பண்ணைப்புரம் பக்கத்தவர்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவர ஆள் வேண்டும் என்று தோட்டத்தார் கேட்டபோது அந்த வேலை எனக்கு வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓடிய பஸ்ஸில் குமுளி வரை போவேன். ஏற்றத்தில் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். குமுளியிலிருந்து ஏரிக்கரைக்கு நடை. அதற்குமேல் தோட்டத்தின் மோட்டார் படகு.

படகுக்கு நடுவில் மரப்பெட்டி போட்டு மூடிய இஞ்சின். டிரைவருக்கு முன்னால் பலகையில் ஒரு மீட்டர். இஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதன் முள் காட்டும். படகின் அடியில் சல்லடை போல் துளையிட்ட ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதன் வழியாகப் பம்பு ஏரித் தண்ணீரை இழுத்து இஞ்சினைச் சுற்றி ஓடவிடும். சூடான தண்ணீர் பக்கவாட்டில் ஒரு குழாய் வழியே ஏரியில் விழும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னைக் குற்றவாளியாக்கியதால் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை போனபோதே பாதி ஏரியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. டிரைவர் மார்க்கையன்கோட்டைக்காரர், நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். இஞ்சினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. படகு தண்ணீரில் தானாகச் சுற்றிக்கொண்டு நின்றது. மூழ்கிப்போன மரங்களின் மொட்டைத் தலைகளில் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, முன்னாடி இருக்க வேணாம். பின்னுக்குப் போய் உக்காருங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். இஞ்சினைக் கிளப்பினார். முள் இறங்கியது. அக்கரை வரைக்கும் ஏறவே இல்லை.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். நடு ஏரியில் நிற்கும், என்னை இடம் மாற்றி உட்காரச் சொல்வார், பிறகு ஓடும். "பாத்தீகளா" என்று மட்டும் சொல்வார். ஆண்கள் போகும் நாட்களில், அரிசி மூட்டை ஏற்றும் நாட்களில், முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லையாம். எப்போதாவது காய் எடுக்கும் பெண்கள் ஏறினால் அன்றைக்கும் சூடாகுமாம். இது தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மேனேஜர் தேனி பஜாரில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, முதலாளிக்கு மருமகன். கல்லூரி வரை போனவர். அவர் தேனியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். மெக்கானிக் படகைக் கரையில் ஏற்றிப் பம்பைக் கழற்றினார், நன்றாக இருந்தது. தகட்டைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று புது மீட்டர் மாட்டினார். எண்ணெயை மாற்றினார். இஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பிரசவம் பாக்குறவுக. தீட்டோட ஏறி எறங்குறீக. தண்ணி மேல போற வண்டி, அதுக்கு ஆகலன்னு எல்லாரும் சொல்றாக. இனிமே காட்டுப்பாதை வழியா வந்துருங்க. துணைக்கு ஆள் அனுப்புறேன்."

"நீங்களுமா இதை நம்புறீங்க?" என்று கேட்டேன்.

"நம்புறது இருக்கட்டும். பெட்ரோலே கிடைக்காத நேரத்துல இஞ்சின் வெந்து போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

காட்டுப்பாதை ஏரியை வளைத்துக்கொண்டு போகும். அட்டை, சேறு, யானைச் சாணம். படகில் போனால் ஒரு காலைப்பொழுதில் முடியும் பயணம் அதில் ஒரு பகலைத் தின்றுவிடும். அந்த மழைக்காலத்தில் பண்ணைப்புரத்துப் பெண் ஒருத்திக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை, குறுக்கே கிடந்தது. காலையில் எனக்குத் தகவல் வந்தது. ஏரிக்கரையில் படகு சும்மா கட்டிக் கிடந்தது. என்னை ஏற்றக்கூடாது என்பது உத்தரவு என்று காவல்காரன் சொன்னான். டிரைவர் அன்று கரையில் இல்லை. நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தாயைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையை முடியவில்லை.

அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க நடந்தா வந்தீக?" என்று மட்டும் கேட்டாள். என் கால்களில் அட்டை கடித்த ரத்தத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் சாய்ந்து, வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்டால் எல்லாரையும்.

மறுநாள் திரும்பும்போதும் நடைதான். குமுளிப் பக்கத்துக் கரைக்கு வந்து கால் ஆற உட்கார்ந்தேன். அப்போது மேனேஜரை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கைத்தடி கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. முதல் தடவைக்குப் பிறகு பின்னால் உட்கார்ந்தே கிளம்பிய நாட்களில் நான் அந்தக் குழாய்ப் பக்கம்தான் இருந்திருக்கிறேன். இஞ்சின் நிற்பதற்கு முன்னால் அதிலிருந்து தண்ணீர் நூல் மாதிரிச் சொட்டியது நினைவுக்கு வந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலரா வந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தாய் என்பதுதான். இந்த இஞ்சின் எங்கே தண்ணீர் குடித்தது என்று யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. மேனேஜர், தண்ணீருக்குள் பலகை போட்டுக் கட்டிய பலகைத் துறையில் ஏறினார். மூட்டைகளும் ஆண்களும் அங்கேதான் ஏறுவார்கள். அது ஆழமான, தெளிந்த இடம். பெண்கள் அந்தப் பலகையில் கால் வைக்கக்கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே விதி. எங்களை ஏற்றிக்கொள்ளப் படகு பின்துறைக்கு வரும். அது நாணலும் மரங்களும் கவிந்த ஆழமில்லாத மூலை. அழுகிய இலை முழங்கால் அளவு கிடக்கும்.

படகு திரும்பி வந்ததும் டிரைவரைத் தேடிப் போனேன். அவருக்கும் முகம் சரியில்லை. பிள்ளை செத்த செய்தி வந்திருந்தது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை ஆளே ஏறாம பின்துறையில இருந்து எடுத்துட்டுப் போங்க. அப்புறம் நான் பலகைத் துறையில ஏறுறேன். ரெண்டையும் பாப்போம்."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னையப் போகச் சொல்லிருவாக."

"இஞ்சின் வெந்துபோனா மட்டும் வச்சுக்கிருவாங்களா?"

அவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். பின்துறையிலிருந்து தனியாகப் படகை எடுத்தார். நான் கரையில் நின்று குழாயைப் பார்த்தேன். முதலில் கனமாக விழுந்த தண்ணீர், நாணலைத் தாண்டுவதற்குள் மெலிந்தது. கொஞ்ச தூரத்தில் இஞ்சின் சத்தம் நின்றது. அவர் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மீட்டரையே பார்த்தார். படகில் அவரைத் தவிர யாரும் இல்லை.

திரும்பி வந்து பலகைத் துறையில் படகை அணைத்தார். நான் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். அக்கரை போய் இக்கரை வந்தோம். முள் அசையவில்லை.

"இழுக்குறப்ப எலை தகட்டுல ஒட்டிக்கிருது. நிறுத்துனா விட்டுருது" என்று அவரே மெதுவாகச் சொன்னார். "அதான் கழத்திப் பாக்குறப்ப ஒண்ணும் ஆம்புடல. நீங்க எடம் மாறுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." படகைக் கட்டியபடி, "அன்னைக்கு நான் இங்கன இருந்திருக்கணும்" என்றார்.

மேனேஜரிடம் இருவரும் போனோம். டிரைவர்தான் விளக்கினார். மேனேஜர் கவனமாகக் கேட்டார். புத்தியில்லாதவர் இல்லை, உடனே புரிந்துகொண்டார்.

"நல்லதாப் போச்சு. அப்ப பின்துறையை ஆள் விட்டுச் சுத்தம் பண்ணிருவோம்."

"பலகைத் துறை இருக்கும்போது எதுக்குச் சுத்தம் பண்ணணும்?" என்றேன்.

"நர்ஸம்மா வேணும்னா பலகையில ஏறிக்கங்க. உங்களுக்குத் தடையில்ல. மத்த பொம்பளைகளுக்கு அதெல்லாம் வேணாம், வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

செத்த பிள்ளையைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேசினேன். இந்த விதி இல்லாவிட்டால் நான் மதியத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன் என்று சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "விதி யாரை விட்டுச்சு" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்து அவர் தப்பிக்கொண்ட விதத்துக்கு இன்றைக்கும் என்னிடம் மன்னிப்பு இல்லை.

பின்துறையைச் சுத்தம் பண்ணினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் இலை சேர்ந்தது. ஒருநாள் டிரைவர் மேனேஜரிடம் போய், அந்த மூலைக்கு இனிமேல் படகை விடமாட்டேன், இஞ்சினுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். இஞ்சினுக்கு ஆகாது என்றதும் மேனேஜர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து காய் எடுக்கும் பெண்களும் கூடையோடு பலகைத் துறையில் ஏறினார்கள். வழக்கம், தீட்டு எல்லாம் போன இடம் தெரியவில்லை.

பெண்களுக்காக ஒரு நாளும் மாறாத விதி, ஓர் இரும்புப் பெட்டிக்காக ஒரே நாளில் மாறியது. நல்லது நடந்ததே என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.