பீடத்துக்கு வந்த ஆவரசு

பண்டத்தரிப்பில் எங்கள் தேவாலயத்துக்குப் பூ வைப்பவர் பியாட்றிஸ். கலியாணம் முடித்து வந்த வாரமே பூச்சாடியைக் கையில் எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை. புருஷன் நேசையாவுக்குத் தேத்தண்ணி போட மறந்தாலும் மறப்பார், சனிக்கிழமை பின்னேரம் பீடத்துக்குப் பூ வைக்க மறக்கமாட்டார். நேசையா ஒருமுறை முறைப்பட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணியைத் தானே போடப் பழகிவிட்டார்.

இந்த வருசம் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. மாதர் சங்கத்தின் புதுச் செயலாளர் ஜெனிற்றா, கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்ரிக் லில்லி கொண்டுவந்து இறக்கினார்.

"ஒருக்கா வைச்சா வருசக்கணக்கிலை கிடக்கும், அக்கா. நீங்களும் இனி ஆறுதலா இருக்கலாம்."

ஒரு மனுசியை இதைவிட இனிமையாக வேலையை விட்டு நிறுத்த முடியாது. உயிர்த்த ஞாயிறுக்கு மட்டும் தானே பூ வைப்பதாகப் பியாட்றிஸ் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். அதுவும் சரிவராவிட்டால் இனி லில்லிதான்.

பூவுக்கு எங்கே போவது? மழையைக் கண்டு எத்தனையோ காலம். கிணறு உவர்த்து, வீட்டுப் பூமரமெல்லாம் கருகிவிட்டது. கடைசியில் தேவாலயத்துக்குப் பின்னால், புதர் மண்டிக் கிடந்த பற்றைக் காணி கண்ணில் பட்டது. அங்கே ஆவரசு, அதுதான் ஆவாரஞ்செடி, கல் வெடிப்புக்குள் வேரை விட்டு, யாரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. அந்த வெயிலில் வண்டுகளுக்கெல்லாம் சாப்பாட்டுக் கடை அதுதான். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளுக்கோ பிள்ளைப்பேற்று ஆசுப்பத்திரியும் அதுதான். இலையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், புழுக்கள் இலையைத் தின்று வளரும். பியாட்றிஸ் இதை யோசிக்கவில்லை. லில்லியைத் தோற்கடிக்கும் வேகத்தில் கொப்புக் கொப்பாக வெட்டிவந்து பீடத்தை மூடிவிட்டார்.

ஞாயிறு காலை பீடத்தைப் பார்க்கக் கண் கூசியது. ஜெனிற்றாவின் முகம் சுருங்கியது. எனக்கும் உள்ளூரச் சந்தோசம்தான்.

போதகர் அருள்நேசன் "கல்லறை திறந்தது!" என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கையின் வெள்ளை அங்கியில் பச்சைப் புழு ஒன்று அவசரமில்லாமல் ஆறுதலாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பிரசங்கம் யாருக்குக் கேட்டது? புழு முழங்கையைத் தாண்டுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். தாண்டியது. மற்றப் புழுக்கள் பீடத்தால் இறங்கி நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்குகளுக்கு வந்தன. பாடகர் குழு வீரிட்டது. முன்வாங்கிலிருந்த சிமியோன் அண்ணை ஒரு புழுவை அடிக்கப் பாட்டுப் புத்தகத்தை ஓங்கினார்.

"அடிக்காதேங்கோ! உதுகள் தானா வரேல்லை, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்!"

கத்திக்கொண்டே பியாட்றிஸ் காணிக்கைப் பையை எடுத்து வாங்கு வாங்காக நீட்டினார். பழக்கதோசத்தில் நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து, பயபக்தியோடு, ஆளுக்கொரு புழுவைப் போட்டோம். ஆராதனை முடிய முதலே அவர் பற்றைக் காணிக்கு ஓடி, பையை ஆவரசில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

பிறகு இதைப் பேசப் போதகர் முன்னால் மாதர் சங்கக் கூட்டம் கூடியது. ஜெனிற்றா லில்லியைத் தூக்கிக் காட்டினார்.

"இதிலை ஒரு புழுவும் வராது, ஐயா."

"ஓம் பிள்ளை, வராது," என்றார் பியாட்றிஸ். "புழுவே திரும்பிப் பாராத பூவையோ ஆண்டவருக்கு வைக்கப்போறியள்?"

போதகர் சிரிப்பை அடக்க இருமினார், முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை பியாட்றிஸ் மறுபடி கொப்புகளோடு வந்தார். வாசலில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலை இலையாகப் புழுப் பார்த்தவர் ஜெனிற்றா.