கவலைச் சாலில் இருந்த மூன்று ஒட்டுகள்

யுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். செஞ்சிக்கு வெளியே, கோட்டை மலைக்குக் கிழக்கே இருந்த எங்கள் நிலத்தை நானும் மாமனாரும்தான் பார்த்துக்கொண்டோம். மாமியார் நான் வாழ வருவதற்கு முன்பே காலமாகியிருந்தார். அந்தக் காலத்தில் மருமகள் மாமனார் எதிரில் உட்கார மாட்டாள். நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் சுவரைப் பார்த்து, "கொழம்பு நல்லா இருக்குது" என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்தோம். ஜோடி மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுத்தால், அண்டா போன்ற இரும்புச் சால் கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீரோடு மேலே வரும். எங்கள் சால் அரதப்பழசு. ஓட்டை விழுந்தபோது மாற்றலாம் என்றால் யுத்தத்தில் புதுத் தகடு எங்கே கிடைக்கும்? பஸ் ஷெட்டில் வெல்டிங் வேலை செய்தவர், உடைந்த லாரிச் சட்டத்தில் வெட்டிய கனத்த துண்டுகளை மூன்று இடத்தில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. ஆனால் தண்ணீர் இல்லாத வெறும் சாலையே ஒரு ஆளால் புரட்ட முடியாது.

அந்தக் கோடையில் ஒருநாள் சரிவில் பாதி இறங்கும்போது ஜோடியில் சாம்பல் நிறத்து மயிலை மாடு முன்னங்காலை மடித்து மண்டியிட்டுவிட்டது. மாமனார் கன்றிலிருந்து வளர்த்த மாடு அது. வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்த நான் ஓடி வந்தேன். அவர் நுகத்தை அவிழ்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, தன் துண்டால் அதன் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டை அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மாமா, சாலுல இருக்குற ஒட்ட எடுத்துட்டா இன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று தலை குனிந்துகொண்டார்.

"எடுத்தா ஒழுவுமேம்மா."

"மெலிசா டின் தகடு வெச்சிக்கலாம். கொஞ்சம் ஒழுவுனா ஒழுவட்டும்."

மாட்டின் முட்டியை இன்னும் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு, "ஒரு ஆளால ஆவாது. உள்ள ஒருத்தர் கல்ல முட்டுக் குடுக்கணும்" என்றார். நான் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று நான் தயங்கினேன். "மாடு கெணத்துல வுழுந்தா அன்னிக்கும் தூக்கலாம்னு வேதத்துலயே இருக்குது" என்று சொல்லிவிட்டு, என்னையும் ஒரு கை பிடிக்கச் சொல்லிச் சாலைப் படுக்கப்போட்டார்.

வீட்டில் இருந்தது ஓர் அரம், ஓர் உளி, சுத்தியல், கந்தைத் துணியைப் பிடியாகச் சுற்றிய ஒடிந்த ரம்பத் தகடு. அவ்வளவுதான். பற்றவைத்த இடம் விளிம்பைச் சுற்றிப் புழு ஊர்ந்தது போலத் தடித்திருந்தது. அதை முதலில் அரத்தால் அராவினோம். அவருக்குக் கை ஓய்ந்தால் நான், எனக்கு ஓய்ந்தால் அவர். தடிப்பு தேய்ந்து, ஒட்டுக்கும் சாலுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்ததும், அதில் உளியை வைத்து அடிக்க வேண்டும். பழைய தகடு அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. அடி தாங்காமல் கிழியாதிருக்க, நான் சாலுக்குள் கையை விட்டு அம்மிக் குழவியை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

சால் எங்களுக்கு நடுவே இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் பேச ஆரம்பித்தார்.

"காது வலிக்குதாம்மா?"

"இல்ல மாமா."

நாலு அடி அடித்தார். "நீ ராத்திரில சரியா சாப்புடறதில்லயே, ஏன்? ஒடம்புக்கு முடியலயா?"

இவர் இதையெல்லாம் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒடம்பு நல்லாத்தான் இருக்குது மாமா. தனியா ஒக்காந்து சாப்புடப் புடிக்கல."

சுத்தியல் சத்தம் நின்றது. "எனக்குந்தான்" என்றார். பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

இரண்டு ஒட்டுகள் நல்லபடியாகப் பெயர்ந்து வந்தன. மூன்றாவது வரும்போது பழைய தகட்டின் ஓரத்தையும் கொஞ்சம் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் பதறவில்லை. "போனாப் போவுது, அது கெழம்" என்றார். ஒட்டு பெயர்ந்த இடத்தைப் பார்த்தால், முழ நீளத் துண்டுக்கு அடியில் இருந்த ஓட்டை புளியங்கொட்டை அளவுதான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் வழக்கம்போல ஒரு தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். "இன்னொண்ணையும் இங்கயே எடுத்தாந்து வை" என்றார். நானும் தட்டோடு உட்கார்ந்து, கூச்சத்தில் தலை குனிந்தபடியே சாப்பிட்டேன். ஆனாலும் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் தார் தோய்த்த சாக்குத் துணி வைத்து, ஆணிகளை மடக்கி அடித்து ஓட்டைகளை மூடினோம். மயிலையை ஒரு வாரம் ஓய்வில் விட்டுப் பிறகு பூட்டினோம். சால் மேலே வரும்போது பக்கவாட்டில் நீர் பீய்ச்சியது. இறைப்பதற்கு நேரமும் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் மாடு மண்டியிடவில்லை. மல்லாட்டைப் பயிருக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் காட்டி முடித்தோம். வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பும்வரை அந்தச் சால்தான் ஓடியது.

இடையில் ஒருமுறை டின் தகடு ஒன்று பெயர்ந்துவிட்டது. சாலைக் கழற்றி மறுபடி உட்கார்ந்தோம். அந்தத் தடவை அவர் உள்ளே கையை விட்டுக்கொண்டு சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"மெதுவா அடிம்மா," என்றார். "உள்ள என் வெரலு இருக்குது."